பதினோராம் தீர்மானமும் ஜெய்தூன் பீவியின் மூன்று வருஷமும்

குடகனாற்றுப் பல்கலைக்கழகம் ஒரு திங்கட்கிழமை நாற்பத்தேழு வயதில் படுத்து, செவ்வாய்க்கிழமை காலை ஐம்பது வயதில் எழுந்தது. அன்று திண்டுக்கல் சந்தையில் சின்ன வெங்காயம் கிலோ நாற்பது ரூபாய், கனகாம்பரம் முழம் முப்பது, வானத்தில் லேசான மூடாக்கு. மற்றபடி விசேஷமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நடந்தது இவ்வளவுதான். துணைவேந்தரின் பதவிக்காலம் வருகிற மார்ச்சில் முடிவதாக இருந்தது. வாசலுக்கு வளைவு வைத்தாயிற்று, வளைவில் அவர் பெயர் பொறித்தாயிற்று, பெயரைப் பார்க்க விளக்கும் போட்டாயிற்று. ஆனால் பொன்விழா வர இன்னும் மூன்று வருஷம் கிடந்தது. அடுத்து வருகிறவன் மூஞ்சி விழா மலரின் முதல் பக்கத்தில் சிரிப்பதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பதிவாளர் பழனிக்குமார்தான் வழி கண்டுபிடித்தார். அவர் ஒட்டன்சத்திரத்துப் பக்கம், பேச்சில் பணிவும் கணக்கில் கெட்டியும் உள்ளவர். "ஏனுங்கய்யா, பொறந்த தேதிய எதுக்குங்க பார்க்கோணும்? கோப்புத் தொறந்த தேதின்னு ஒண்ணு இருக்குதுங்களே" என்றார். பல்கலைக்கழகம் திறந்தது எழுபத்தைந்தில்; அதற்கான கோப்பைத் திறந்தது எழுபத்திரண்டில். ஆட்சிக்குழுவின் பன்னிரண்டு பேரும் இரண்டாவது சுற்று மசால்வடையில் இருந்தபோது, பல்கலைக்கழகத்தின் வயது இன்று முதல் ஐம்பது எனக் கொள்ளப்படும் என்ற பதினோராம் தீர்மானம் நிறைவேறியது. மகளிர் விடுதிக்குக் குழாய் போடும் தீர்மானம் ஒன்பது வருஷமாக நிலுவையில் கிடக்கிற அதே அலுவலகத்தில், இது மட்டும் விடிவதற்குள் அமலுக்கு வந்துவிட்டது.

எதற்கெல்லாம் பல்கலைக்கழகத்தில் பதிவேடு உண்டோ அதற்கெல்லாம் ஒரே ராத்திரியில் மூன்று வயது கூடியது. போன மாதம் நட்ட மாங்கன்றுகள் தலைக்கு மேலே வளர்ந்து, கிளைக்கு நாலு காய் தொங்கவிட்டிருந்தன. கால்நடைப் பிரிவில் வெள்ளிக்கிழமை பிறந்த கன்று செவ்வாய்க்கிழமை தன் கன்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. மழமழவென்று முகம் வழித்துவிட்டுப் படுத்த பையன்கள் தாடியோடு எழுந்து ஒருவரையொருவர் சார் என்று கூப்பிட்டார்கள். விடுதிச் சமையலறையில் இருபது படி இட்லி மாவு மூன்று வருஷம் புளித்து, அண்டாவின் மூடியைத் தள்ளி, கூரை ஓட்டை விலக்கிக்கொண்டு வெளியே வந்தது. அந்த வாசம் குஜிலியம்பாறை வரை போய், அங்கே உழுதுகொண்டிருந்த மாடுகள் இரண்டு மணி நேரம் நடக்க மறுத்தன. மாவடு மட்டும் அமிர்தமாகியிருந்தது என்று விடுதியில் இருந்தவர்கள் சொல்கிறார்கள். ஆசிரியர்கள், மாணவர்கள், காவலாளிகள், கழுத்தில் நகராட்சித் தகடு தொங்கிய நாய்கள் என்று ஒருவரும் பாக்கியில்லை. துணைவேந்தருக்கும் பதிவாளருக்கும் மட்டும் ஒரு மயிர்கூட நரைக்கவில்லை. அவர்கள் எந்த வருகைப்பதிவேட்டிலும் கையெழுத்துப் போடுகிறவர்கள் இல்லை.

நாகல் நகரில் தோல்மண்டி சாகுல் ஹமீதின் மனைவி ஜெய்தூன் பீவி, விடியற்காலைச் சுபுஹுத் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளுச் செய்யப் போனவள், குழாயடிக் கண்ணாடியைப் பார்த்து நின்றுவிட்டாள். ராத்திரி ஐம்பத்தோரு வயதில் படுத்தவளுக்குக் காதோரம் இரண்டு விரல் அகலத்துக்கு நரை இறங்கியிருந்தது. மூக்குக்கண்ணாடியை மாட்டினால் எதிர்ச்சுவர் கலங்கியது. நேற்றுவரை அவளைவிட ஏழு வயது மூத்தவராக இருந்த கணவர் இப்போது நாலே வயது மூத்தவராகப் பாயில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவள் பயந்துவிடவில்லை. மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்து, மாமியாரைக் கடைசிவரை பார்த்து அனுப்பி, பள்ளிக்கூடத்தை விட்டு முப்பத்து நாலு வருஷம் கழித்துப் பி.ஏ. வரலாறு சேர்ந்தவள் அவள். உச்ச வயது வரம்பு சொல்லும் பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டிருந்ததால் பல்கலைக்கழகத்தால் அவளைத் தடுக்க முடியவில்லை. பிறந்ததிலிருந்து மொட்டைமாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் அந்த மலைக்கோட்டையைப் பார்க்கிறாளே, யார் கட்டினது, யார் பிடித்தது, யார் விட்டுவிட்டுப் போனது என்று ஒருவரும் அவளுக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை. அது ஐந்தாம் பருவம் மூன்றாம் தாளில் வருகிறது என்று பாடத்திட்டத்தில் பார்த்து வைத்திருந்தாள். மூன்று வருஷம் காலைச் சமையல் சாகுல் ஹமீது பொறுப்பு என்று குரான் மேல் ஆணையாக ஒப்பந்தம். அவர் போடும் டீயில் பதனிட்ட தோலின் வாடை அடித்தது. அதையும் நாலு மாதமாகக் குடித்துக்கொண்டு, முதல் பெஞ்சில் உட்கார்ந்து, பல்லவர் வரைக்கும் வந்திருந்தாள்.

பல்லவரிலும் பாதிதான். திங்கட்கிழமை கடைசி வகுப்பில் பேராசிரியர் அந்தோணிராஜ், "மகேந்திரவர்மன் இதைக் கேட்டதும்" என்று கையை உயர்த்தியபோது மணி அடித்துவிட்டது. மீதி நாளைக்கு என்று சாக்பீஸை வைத்துவிட்டுப் போனார். அவள் வழக்கம்போல டிபன் பாக்ஸோடு ஆட்டோவும் பஸ்ஸும் மாறி வந்து பார்த்தால், பதினாலாம் அறை பூட்டிக் கிடந்தது. வாசலில் நத்தத்து மாந்தோப்புக்காரர் மகன் முகேஷ்குமார், இருபத்தொரு வயதுத் தாடியைத் தடவிக்கொண்டு நின்றான். அவளோடு முதலாண்டு சேர்ந்தவன்.

"ஜெய்தூன்மா, சேதி தெரியாதா? படிப்பு முடிஞ்சு போச்சு. ஆபீஸ்ல டிகிரி குடுக்காக. ஆதார் கார்ட காட்டுனா போதுமாம்."

"ஏலே, நேத்து காஞ்சி எந்தப் பக்கம்னு கேட்டா முழிச்ச. உனக்கு டிகிரியா?"

"அதான் அதிசயம்கிறது. விடுங்கம்மா, அம்புட்டுப் பேரும் சந்தோசமா இருக்கோம்ல."

அது உண்மைதான். பெற்றோர்கள் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். பாடம் நடத்தாமலே பாடம் முடிந்ததில் ஆசிரியர்களுக்கும் வருத்தமில்லை. தேர்வுத்துறை மட்டும், நடக்காத தேர்வுக்கு மறுகூட்டல் உண்டா என்று மூன்று நாள் குழம்பி, உண்டு என்று அறிவித்தது. ஜெய்தூன் பீவி சாளரத்தில் நீட்டிய பட்டத்தை வாங்க மறுத்துவிட்டு, நேராகப் பதிவாளர் அறைக்குப் போனாள். படிக்காமல் வாங்குகிற காயிதம் ஹராம், என் மூணு வருசத்தைக் குடுங்கள் என்றாள்.

பழனிக்குமார் எழுந்து நின்று கைகூப்பினார். "ஏனுங்கம்மா, ஊரே மூணு வருசம் மிச்சமுன்னு கொண்டாடுதுங்க. நீங்க ஒருத்தர்தானுங்க கோவிச்சுக்கறீங்க."

"மிச்சம் புடிக்கணும்னா உங்க வருசத்த எடுத்துப் புடிக்க வேண்டியதுதானே?"

"நாங்க கையெழுத்துப் போடறதில்லீங்களே."

பிறகு அவர் மிகுந்த மரியாதையோடு, இழந்த காலத்தைக் கோருவதற்குப் படிவம் எதுவும் பல்கலைக்கழகத்தில் இல்லை, காணாமல் போன பொருள் என்றால் அது காவல்துறை சம்பந்தப்பட்டது என்று விளக்கினார். அவள் போகாமல் இல்லை. ஒரு காவல் நிலையத்தில் எழுத்தர் பொறுமையாகப் பேப்பரை எடுத்துவைத்துக்கொண்டு, காணாமல் போனதற்கு அடையாளம் ஏதும் உண்டா என்று கேட்டார். "மூணு வருசம்யா அது. அதுக்கு மச்சமா இருக்கும்?" என்றாள் ஜெய்தூன் பீவி. நிறம், உயரம் என்ற கட்டங்களில் கோடு போட்டு ரசீது கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்தால் சாகுல் ஹமீது அல்வாப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். முகம் பெருநாள் பிறை பார்த்தவர் முகம்போல இருந்தது. "அல்லா கிருபையில முடிஞ்சிருச்சு ஜெய்தூனு. மூணு வருசம்னு சொன்னோம், மூணு வருசம் ஆயிருச்சு. நாளைக்கு இடியாப்பம் போட்டு, நல்லியெலும்புக் குழம்பு ஒண்ணு வச்சிரு" என்றார். அன்று அவள் பேசிய பேச்சு நாகல் நகர் தாண்டிப் பஸ் நிலையம் வரை கேட்டது. அடுப்படியில் இருந்த பித்தளைப் பாத்திரமெல்லாம் சூடேறி, அல்வாப் பெட்டியில் நெய் உருகி ஓடியது. "முடிஞ்சது யாருக்கு? ஒம்மகளுக்குப் பிரசவம் பார்த்தப்ப ரெண்டு மாசத்த ரெண்டு மாசமாத்தான எண்ணுனேன்? ஒங்கம்மா படுக்கையில கெடந்த ஏழு வருசத்த ஏழாத்தான எண்ணுனேன்? எனக்குன்னு வந்தது மூணே மூணு. அதக் கொண்டுபோயி அந்த ஆளு மாலை போட்டுக்கிறதுக்கு நேந்துவிடவா? அது என் ஹக்கு, எனக்குள்ள உரிமை." சாகுல் ஹமீது அல்வாவை மூடி வைத்துவிட்டு, மறுநாள் காலை எழுந்து டீ போட்டார். அதில் அன்று தோல் வாடை கொஞ்சம் குறைவாக இருந்தது.

அவரே ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பட்டியில் அந்தோணிராஜ் வீட்டுக்கும் கூட்டிப்போனார். பேராசிரியர் ஐம்பத்தெட்டு வயதில் படுத்து அறுபத்தொன்றில் எழுந்தவர். ஓய்வு வயது அறுபது. தூங்கும்போதே ஓய்வு பெற்றுவிட்டதால் பிரிவுபசார விழாவில் தனக்குப் போட்ட மாலையைக்கூட அவர் பார்க்கவில்லை. கைலியோடு ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர், அவளைக் கண்டதும் குழாயை மூடினார்.

"சார், மகேந்திரவர்மன் அதக் கேட்டதும் என்ன செஞ்சாரு? மீதி நாளைக்குன்னீங்க. அந்த நாளைக்கு எங்க சார்?"

அவர் கைலியில் கையைத் துடைத்துக்கொண்டார். சொல்லத் தெரியாமல் இல்லை. "சொல்லிருவேன்மா. ஆனா நான் இப்ப ரிட்டயர்டு ஆளு. நான் சொன்னா அது பாடமில்ல, வெறும் பேச்சு. நீங்க கேக்கிறது பாடம்ல?" என்றார். ஜெய்தூன் பீவிக்கும் வெறும் பேச்சு வேண்டியிருக்கவில்லை. இரண்டு பேருக்கும் கண் கலங்கியது. சாகுல் ஹமீது ரோஜாவுக்கு என்ன உரம் என்று விசாரித்தார்.

அதற்குப் பிறகு அவள் செய்தது, நாற்பத்தேழு வருஷத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒருவரும் செய்யாத காரியம். சேரும்போது எல்லோருக்கும் கொடுக்கிற விதிப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தாள். நாலு நாள் ஆயிற்று. கரையான் அரித்த இடத்தில் வெளிச்சத்துக்குக் காட்டிப் படித்தாள். அறுபத்தோராம் பக்கத்தில் நின்று, அந்தப் பக்கத்தை மடக்கி வைத்துவிட்டு, சாகுல் ஹமீதிடம் வெள்ளைப் புடவையை இஸ்திரி போட்டு வாங்கிவரச் சொன்னாள்.

பொன்விழா ஜனவரியில் நடந்தது. பந்தலின் ஒரு முனை வேடசந்தூர் ரோட்டைத் தொட்டது என்றும் மறுமுனையைக் கண்டவர் இல்லை என்றும் சொல்வார்கள். பதினோராயிரம் பேருக்குச் சீரகச் சம்பாவில் பிரியாணி, எண்பது தேக்சாக்களில் தம்மில் இருந்தது. ஐம்பது ஆண்டுகளின் சாதனை என்று வைத்த நூற்றைம்பது படங்களில் நூற்று நாற்பத்திரண்டில் துணைவேந்தர் இருந்தார். எழுபத்தைந்தாம் வருஷத்து அடிக்கல் நாட்டு விழாப் படத்திலும், அப்போது பன்னிரண்டு வயதே ஆகியிருந்த அவர், கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். சிறப்பு விருந்தினர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். மூன்று மணி நேரம் புகழுரை நடந்தது. பேச்சாளர்கள் ஐம்பது என்று சொன்னபோதெல்லாம் மாமரங்களிலிருந்து பழம் விழுந்தது. கடைசியில், பொன்விழாவின் மூத்த மாணவி என்று ஜெய்தூன் பீவியை மேடைக்கு அழைத்தார்கள். ஐம்பத்து நாலு வயதில் பட்டம் வாங்கும் குடும்பத்தலைவி என்பது பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும் என்று பழனிக்குமார் கணக்குப் போட்டிருந்தார்.

அவள் படியேறிப் போனாள். சிறப்பு விருந்தினர் நீட்டிய பட்டத்தைத் தொடவில்லை. பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்தாள். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.

"எனக்கு அட்டெண்டன்ஸ் பத்தாதுங்க."

துணைவேந்தர் சிரித்தார். "பரவால்லம்மா, வாங்கிக்கங்க."

"பரவால்லையா? போன செப்டம்பர்ல ரெண்டு நாள் காய்ச்சல்னு வரல. அதுக்கு டாக்டர் சீட்டு கேட்டு மூணு தடவ அலைய விட்டீங்க. இப்ப அஞ்சு பருவம் வரல. நானூத்தம்பது நாளு. அதுக்குப் பரவால்லையா? மாதவிலக்குன்னு ஒரு புள்ள வீட்டுல இருந்ததுக்கு எழுபத்துநாலு சதவீதம்னு பரீட்சைய நிறுத்துனீங்கள்ல, அப்ப எங்க போச்சு இந்தப் பரவால்ல? பக்கம் அறுபத்தொண்ணு, எழுபத்தஞ்சு சதவீதம். நீங்க எழுதுனதுதான். படிங்க!"

பழனிக்குமார் அப்போது மேடையின் ஓரத்தில் இன்னொரு மைக்கைக் கையில் வைத்திருந்தார். அவர் குமாஸ்தாவாகச் சேர்ந்து, முப்பத்தோரு வருஷம் அந்த ஒரே வாக்கியத்தை ஆயிரக்கணக்கான பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி மேலே வந்தவர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவர் வாயில் அதுதான் வரும். யோசிப்பதற்குள் வந்துவிட்டது:

"அட்டெண்டன்ஸ் பத்தலீன்னா டிகிரி குடுக்க முடியாதுங்களே."

ஆட்சிக்குழுத் தீர்மானத்தை மழை மீறியிருக்கிறது, மாடு மீறியிருக்கிறது, ஆட்சிக்குழுவே மீறியிருக்கிறது. வருகைப்பதிவுக் குறைவை மட்டும் இதுவரை எந்தச் சக்தியும் மீறியதில்லை. பதினோராயிரம் பேர் பார்க்க, ஜெய்தூன் பீவியின் காதோரத்து நரை உள்ளே போனது. கலங்கித் தெரிந்த சிறப்பு விருந்தினரின் மூக்கு அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்த அந்தோணிராஜ் ஐம்பத்தெட்டு வயதுக்காரராக எழுந்து நின்றார். மாணவிக்கு நாள் பாக்கி என்றால் ஆசிரியருக்கும் நாள் பாக்கிதான். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், கடைசி பீரியட் தொடங்கியிருந்தது, விறுவிறுவென்று வரலாற்றுத் துறைப் பக்கம் நடந்தார். மேடையிலிருந்து இறங்கி அவளும் பின்னால் போனாள். மேடையில் இருந்தவர்கள் அதற்குள் கல்வெட்டைத் திறந்துவிட்டார்கள்; பிரியாணி ஆறிக்கொண்டிருந்ததால் யாரும் மேற்கொண்டு பேசவில்லை. மகேந்திரவர்மன் இதைக் கேட்டதும் என்ன செய்தான் என்பது பதினாலாம் அறையில் அன்று மூன்றே கால் மணிக்குச் சொல்லப்பட்டது.

அதிலிருந்து அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வயது இரண்டு விதம். பதினாலாம் அறைக்கு நாற்பத்தேழு, மற்ற இடத்துக்கெல்லாம் ஐம்பது. அறைச் சன்னலோரம் நிற்கும் வேம்பு பக்கத்து வேம்பைவிட மூன்று வருஷம் குட்டை. வாசலைத் தாண்டும்போது காது லேசாக அடைக்கும், கொடைக்கானல் மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கும்போது அடைக்குமே, அந்த அளவுதான். அந்தப் பருவம் முழுக்க ஒரே மாணவி, ஒரே ஆசிரியர். தினமும் அந்தோணிராஜ் பதிவேட்டை விரித்து நாற்பது பேர் பெயரையும் கூப்பிடுவார். முப்பத்தொன்பது பெயருக்குக் காத்திருந்துவிட்டு நாற்பதாவதற்கு "உள்ளேன் ஐயா" வாங்கிக்கொள்வார். அடுத்த பருவத்தில் முகேஷ்குமார் வந்து வாசலில் நின்றான். வேலைக்கு நேர்காணல் போன இடத்தில், பி.ஏ. வரலாறு என்கிறாயே, பல்லவருக்கு அப்புறம் யார் என்று கேட்டிருக்கிறார்கள். இவன் தாடியைத் தடவியிருக்கிறான்.

"ஜெய்தூன்மா, எனக்கும் அட்டெண்டன்ஸ் பத்தாதுன்னு எழுதித் தாரேன். ஒரு வார்த்த சொல்லுங்க."

"இப்பதான் தெரிஞ்சுச்சா அப்பு? தாடிய எடுத்துட்டு வா. எழுதிக் குடுத்தா அது தானா போயிரும், பிளேடு மிச்சம்."

அவனுக்குப் பின்னால் ஒவ்வொருவராக இருபத்தாறு பேர் வந்தார்கள். துணைவேந்தர் மார்ச்சில் போனார். அவர் பெயர் பொறித்த கல்வெட்டு இருக்கிறது, வெயில் நேரத்தில் ஆடுகள் அதன் நிழலில் படுக்கின்றன. ஐந்தாம் பருவம் மூன்றாம் தாளில் மலைக்கோட்டை வந்தபோது அந்தோணிராஜ் ஆறு நாள் நடத்தினார். ஆறாம் நாள் ஜெய்தூன் பீவி வீட்டுக்குப் போய், மொட்டைமாடியில் சாகுல் ஹமீதை உட்காரவைத்து, கோட்டையை விரலால் காட்டிக் காட்டி, கட்டியவனிலிருந்து கடைசியாக இறங்கியவன்வரை ஒரு ஆள் விடாமல் சொன்னாள். கேட்டு முடித்ததும் அவர், இம்புட்டு நடந்திருக்கா நம்ம தலைக்கு மேல என்றார். இடியாப்பம் பிழிய அவர் அதற்குள் பழகியிருந்தார். இருபத்தைந்தாம் வருஷம் கோடையில் அவள் எண்பத்தொரு சதவீத வருகையோடு தேர்வு எழுதி, இரண்டாம் வகுப்பில் தேறி, சாளரத்துக்குப் போய்ப் பட்டத்தைக் கேட்டு வாங்கினாள். அதே ஜூலையில் அதே அறையில் எம்.ஏ. முதலாண்டுக்குப் பெயர் கொடுத்தாள்.

புதிய துணைவேந்தருக்குப் போன மாதம் ஓர் எண்ணம் வந்தது. அறுபது என்று ஒரு தீர்மானம் போட்டால் வைர விழாவாகுமே என்றார். பழனிக்குமார் எழுந்து நின்று கைகூப்பி, "ஏனுங்கய்யா, வேண்டாமுங்க. அந்தம்மா பேரு பதிவேட்டுல இருக்குதுங்க" என்றார். ஆட்சிக்குழுக் கூட்டத்தின் பொருள் பட்டியலிலிருந்து அது அடிக்கப்பட்டது. பல்கலைக்கழகம் இப்போது வருஷத்துக்கு ஒரு வயது என்ற கணக்கில் மூத்துக்கொண்டிருக்கிறது. எம்.ஏ. முடித்ததும் முனைவர் பட்டத்துக்குப் பதிந்துகொள்ளப் போவதாக ஜெய்தூன் பீவி சொல்லியிருக்கிறாள்; அதற்குக் குறைந்தது ஐந்து வருஷம் பிடிக்கும் என்பதால் அங்கே யாரும் எதற்கும் அவசரப்படுவதில்லை.